உடைந்ததா, உடைத்தோமா?

தமிழில் ஒரு வினைச்சொல்லைச் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபமில்லை. 'செய்தேன்' என்றால் நான். 'செய்தாய்' என்றால் நீ. 'செய்தாள்' என்றால் அவள். எழுவாயை விழுங்கினாலும் வினையின் வால் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 'டிட்' என்று மட்டும் சொன்னால் யார் செய்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒளிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட மனிதனுக்கு எந்த மொழியும் ஒரு சந்து வைத்திருக்கும். நம்மிடம் உள்ள சந்து ஒரே ஒரு எழுத்து அகலம். உடைந்தது, உடைத்தேன். தொலைந்தது, தொலைத்தேன். கிழிந்தது, கிழித்தேன். கவிழ்ந்தது, கவிழ்த்தேன். வேர் ஒன்றுதான். நடுவில் மெல்லினம் வந்தால் காரியம் தானாக நடந்தது. வல்லினம் இரட்டித்தால் யாரோ ஒருவர் செய்தார். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன சமாச்சாரம் இது. மறந்தது பரீட்சைக்குத்தான். 'டம்ளர் எப்படிடா உடைஞ்சுது?' என்று அதட்டினால் நான்கு வயதுக் குழந்தைகூட 'கீழே விழுந்துடுச்சு' என்றுதான் சொல்லும். 'போட்டுட்டேன்' என்று சொல்லாது. இலக்கண வகுப்புக்குப் போகாமலே மெல்லினத்தின் பயன் அதற்குத் தெரிந்திருக்கிறது.

பத்திரிகைகளில் இதைத் தினமும் பார்க்கலாம். மழைநீர் 'தேங்கியது'. யார் தேக்கினார்கள், எந்த வாய்க்காலை யார் மூடினார்கள் என்று கேட்டால் அது வேறு செய்தியாகிவிடும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் 'திறந்துவிடப்பட்டது'. இந்தப் 'பட்டது' இன்னொரு சந்து. இதன் வாலில் அஃறிணை உட்கார்ந்திருக்கிறது. 'ஆவன செய்யப்படும்' என்று ஓர் அதிகாரி சொல்லும்போது, இலக்கணப்படி செய்யப்போவது மனிதர் யாருமில்லை.

மூன்றாவது சந்து இன்னும் நாசூக்கானது: 'லாம்'. 'பார்க்கலாம்', 'பண்ணிடலாம்', 'முடிச்சுடலாம்'. நான், நீ, அவன் என்று எதையும் ஏற்காத வால் இது. கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் 'பண்ணிடலாம் சார்' என்று சொல்லும்போது வயிற்றில் லேசாக ஒரு கலக்கம் வருகிறதே, அதற்குக் காரணம் இலக்கணம்தான். 'பண்றேன் சார்' என்று அவர் சொல்லியிருந்தால் வந்திருக்காது.

நான் 1979ல் தில்லிக்கு வந்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து 2015ல் ஓய்வு பெற்றேன். வந்த புதிதில் ஹிந்தியைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் படித்தேன். முதலில் காதில் விழுந்த சொற்களில் ஒன்று 'ஹோ ஜாயேகா'. ஆகிவிடும். காஸ் சிலிண்டர் எப்போது வரும்? ஹோ ஜாயேகா. தண்ணீர்க் குழாய் ரிப்பேர்? ஹோ ஜாயேகா. அடுத்தது அதன் இறந்தகாலம்: 'ஹோ கயா'. ஆகிவிட்டது. தவறும் ஆகிவிடும், காரியமும் ஆகிவிடும், ஆக்குபவர்தான் கிடைக்கமாட்டார்.

ஹிந்தியில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு. 'முஜ்ஸே டூட் கயா.' சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என்னால் உடைந்துவிட்டது'. 'மைனே தோடா', அதாவது 'நான் உடைத்தேன்' என்பதற்கும், 'டூட் கயா', அதாவது 'உடைந்துவிட்டது' என்பதற்கும் நடுவில் நிற்கிற வாக்கியம். உடைக்க வேண்டும் என்று உடைக்கவில்லை, ஆனால் என் கையில்தான் உடைந்தது என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்கிறது. நாமும் 'கை தவறி உடைச்சுட்டேன்' என்கிறோம். இரண்டுமே நேர்மையான வாக்கியங்கள். அரசாங்க அலுவலகங்களில் இவற்றுக்கு அவ்வளவாகப் புழக்கம் இல்லை.

அலுவலக மொழியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. முப்பத்தாறு வருடம் அந்த மொழியில் எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். அதன் சிகரம் ஆபீஸ் மெமோராண்டம். அது படர்க்கையில்தான் எழுதப்பட வேண்டும் என்பது நடைமுறை விதி. கீழே கையொப்பமிட்டிருப்பவர் இன்னது சொல்லும்படி பணிக்கப்பட்டிருக்கிறார் என்று தொடங்கும். யார் பணித்தார்? தெரியாது. கையொப்பமிட்டவர் என்ன நினைக்கிறார்? அதைக் கேட்பது அநாகரிகம். கோப்புக் குறிப்புகளில் 'கருதப்படுகிறது' என்று வரும். கருதுகிற மண்டை யாருடையது என்று இருக்காது. ஓர் அதிகாரிக்குக் குறிப்பில் எதையும் எழுதிவைக்க மனமில்லை என்றால் ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதுவார். போய்ப் பேசுவோம். திரும்பி வந்து 'ஆஸ் டிஸ்கஸ்டு' என்று எழுதுவோம். பேசியது காற்றோடு போயிற்று. கோப்பு மேலே போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. இதே அலுவலகம் ஒரு வேலை உண்மையிலேயே நடக்க வேண்டும் என்று விரும்பும்போது வேறு மொழிக்கு மாறிவிடும். அதற்கு டி.ஓ. கடிதம் என்று பெயர். தமிழக அரசு அலுவலகங்களில் நேர்முகக் கடிதம் என்பார்கள். அதில் 'அன்புள்ள இன்னார்' என்று பெயர் இருக்கும். 'நான் கேட்டுக்கொள்கிறேன்', 'நீங்கள் தனிப்பட்ட கவனம் செலுத்த வேண்டும்' என்றெல்லாம் இருக்கும். ஐந்து நினைவூட்டுக் கடிதங்களுக்கு அசையாத கோப்பு ஒரு டி.ஓ. கடிதத்துக்கு அசைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 'நான்' இல்லாமல் காரியம் நகராது என்பது அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அவசரத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மொழியை மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுவது ஒன்று. அந்தப் பக்கத்தில் நின்று கேட்பது வேறு. 2004ல் என் அக்காவின் கணவர் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். அவரும் தில்லியில்தான் வேலை பார்த்தார், வேறொரு அலுவலகத்தில். அத்தானுக்கு 57 வயது. அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். தாற்காலிக ஓய்வூதியம் சில மாதங்கள் வந்தது. பிறகு நின்றது. நிரந்தர உத்தரவுக்கு அத்தானின் சர்வீஸ் புக் வேண்டும். அது 'நாட் ட்ரேசபிள்'.

இந்தச் சொல்லின் அழகைக் கவனியுங்கள். தொலைத்துவிட்டோம் என்று இல்லை. தேடவில்லை என்றும் இல்லை. கண்டுபிடிக்கப்பட முடியாத தன்மை ஒன்று அந்தப் புத்தகத்துக்கே இருக்கிறது; சிலருக்குக் குட்டையாக இருக்கும் தன்மை இருப்பதுபோல. முப்பது வருட வேலை, சம்பள உயர்வு, விடுப்பு, வாரிசு எல்லாம் பதிவான புத்தகம் ஒருநாள் தானே எழுந்து நடந்து போய்விட்டது.

அக்கா மாதம் இரண்டுமுறை அந்த அலுவலகத்துக்குப் போனாள். சில நாள் நான் கூடப் போவேன், பெரும்பாலும் தனியாகத்தான். அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் கல்லூரியில் இரண்டாம் வருடம். நகைகள் ஒவ்வொன்றாக வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தன. அக்காவின் ஹிந்தி எங்கள் ஊர் வாய்க்கால் மாதிரி, எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் காது கூர்மை. வீட்டுக்கு வந்து அன்று கேட்டதை அப்படியே சொல்வாள்.

'பேப்பர் மேலே போயிருக்காம்டா.'

'யார் அனுப்பினாங்களாம்?'

'அது சொல்லலை. போயிருக்கு.'

இன்னொரு நாள்: 'அப்ஜெக்ஷன் வந்திருக்காம்.' 'யார் போட்டது?' 'வந்திருக்குன்னுதான் சொன்னாங்க.'

ஒருநாள் வந்து செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். 'ஏண்டா, அந்த ஆபீஸ்ல மனுஷங்களே வேலை பாக்கலியா? எல்லாம் தானா வருது, தானா போகுது, தானா நிக்குது. மாவு மில்லுலகூட ஒருத்தன் நின்னு ஸ்விட்ச் போடறான்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. 2006 ஜனவரியில் பத்து ரூபாய் கட்டி அக்காவின் பெயரில் ஒரு மனு போட்டோம். அந்தக் காலத்தில் தில்லியில் இப்படிப்பட்ட மனுக்களுக்கு ஒரு மாதிரிப் படிவம் கைக்குக் கை சுற்றிக்கொண்டிருந்தது. அதில் புகார் எதுவும் இல்லை, கோபம் இல்லை, 'தயவுசெய்து' என்ற கெஞ்சலும் இல்லை. கேள்விகள்தான். என் விண்ணப்பத்தின் மீது ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்பட்டது? எந்தெந்தத் தேதியில் அது எந்தெந்த அலுவலரிடம், எத்தனை நாள் இருந்தது? அவர்களுடைய பெயர், பதவி என்ன? விதிப்படி இது எத்தனை நாளில் முடிந்திருக்க வேண்டும்? முடிக்காதவர் மீது எடுக்கப்படும் நடவடிக்கை என்ன?

எழுவாய் இல்லாத வாக்கியங்களையெல்லாம் எடுத்து, எழுவாயை நிரப்பித் திருப்பித் தரச் சொல்கிற வேலை அது. தமிழாசிரியர் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வாரே, அதேதான்.

மூன்று வாரத்தில் தொலைபேசி வந்தது. சர்வீஸ் புக் 'மில் கயா'. கிடைத்துவிட்டதாம். தானாகத் தொலைந்தது தானாகவே கிடைத்தும்விட்டது. எங்கே என்று அக்கா கேட்டாள். அதே அறையில், அதே பீரோவில்.

இந்தச் சட்டத்தை ஒரு மொழிச் சீர்திருத்தமாகவும் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அதன் 20வது பிரிவு, காரணமில்லாமல் தகவல் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்கிறது. உச்சவரம்பு 25,000 ரூபாய். அதை அலுவலகம் கட்ட முடியாது; அந்த ஆள் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. 'பட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் முதல் தடவையாக ஒரு சட்டைப்பை தெரிந்தது. பிற்பாடு எத்தனை அபராதங்கள் உண்மையில் விதிக்கப்பட்டன, எத்தனை வசூலாயின, தகவல் ஆணையங்களில் மேல்முறையீடுகள் எப்படித் தேங்கின (அல்லது தேக்கப்பட்டன) என்பதெல்லாம் சந்தோஷமான கதை இல்லை.

இந்தச் சட்டத்தின் வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1990ல் அங்கே தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர், தில்லியில் வளர்ந்தவர். ஐ.ஏ.எஸ். வேலையை 1975ல் விட்டவர். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் அவர்கள் முதல் 'ஜன் சுன்வாயி' நடத்தினார்கள். மக்கள் விசாரணை. பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலையும் பில்களையும் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். காகிதத்தில் 'கூலி வழங்கப்பட்டது' என்று இருக்கும். யாருக்கு என்று பெயரைப் படித்தால், அந்தப் பெயர்க்காரர் கூட்டத்திலேயே எழுந்து, 'நான் அந்த வேலைக்கே போகவில்லையே' என்பார். கட்டடம் 'கட்டி முடிக்கப்பட்டது' என்று இருக்கும். ஊரார் திரும்பிப் பார்ப்பார்கள், கூரை இருக்காது. எழுத்தில் சாமர்த்தியமாக ஒளிந்துகொண்டிருந்த செயப்பாட்டுவினை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் காதில் விழுந்ததும் பிடிபட்டுவிட்டது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1997ல், மத்திய அரசுக்கு முன்பே, தகவல் உரிமைக்கென்று சட்டம் இயற்றிய முதல் மாநிலம் அதுதான். விதிவிலக்குகள் அதில் ஏராளமாக இருந்ததால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கும் 'நடக்கவில்லை' என்றுதான் வருகிறது.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டுதானே, அர்த்தம் ஒன்றுதானே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அப்படி இல்லை என்பதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. அமெரிக்காவில் கெய்ட்லின் ஃபாஸி, லெரா போரோடிட்ஸ்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்டது. ஓர் உணவகத்தில் மெழுகுவத்தி சாய்ந்து தீப்பிடித்த கதையை இரண்டு விதமாக எழுதினார்கள். ஒன்றில் அந்தப் பெண் மெழுகுவத்தியைச் சாய்த்தாள். மற்றொன்றில் மெழுகுவத்தி சாய்ந்தது. மற்றபடி ஒரே கதை. முதலாவதைப் படித்தவர்கள் அந்தப் பெண்மீது அதிகப் பழி சுமத்தினார்கள். அவள் கட்ட வேண்டிய நஷ்ட ஈட்டையும் உயர்த்திச் சொன்னார்கள். ஒரு பிரபலமான மேடை நிகழ்ச்சியில் உடை கிழிந்த சம்பவத்தை வீடியோவில் நேரில் காட்டி, விவரிப்பை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்த பிறகும் வினைச்சொல் தன் வேலையைச் செய்தது.

இந்த ஆய்வை நான் கொஞ்சம் பயத்தோடுதான் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்த நிமிஷமே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: பார்த்தீர்களா, நம் மொழிகளே இப்படி, அதனால்தான் நம் ஜனங்கள் இப்படி, ஆங்கிலேயன் 'ஐ' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறான், அதனால்தான் அவனுக்குப் பொறுப்பு அதிகம். இது சுத்த அபத்தம். கீழே கையொப்பமிட்டிருப்பவர் பணிக்கப்பட்டிருக்கிறார் என்பது தமிழிலிருந்தோ ஹிந்தியிலிருந்தோ வந்ததல்ல. லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பசிக்கிறது என்று நாம் சொல்வதை வைத்துக்கொண்டு, தன் கோபத்துக்குக்கூடப் பொறுப்பேற்காத இனம் என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். தமிழிலிருந்து வங்காளிவரை பாதி இந்தியா அப்படித்தான் சொல்கிறது. கோபம் வெளியிலிருந்து வருகிறது என்று சொல்பவன் அதை வாசலிலேயே நிறுத்தவும் கூடும்.

தவிர, மெல்லினத்துக்கு ஒரு கருணை உண்டு. விருந்துக்கு வந்த இடத்தில் பீங்கான் தட்டைக் கை தவறிப் போட்டுவிட்டு ஒருவர் முகம் சுருங்கி நிற்கும்போது, வீட்டுக்கார அம்மாள் 'உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது, விடுங்க' என்கிறாரே, அதைவிடப் பண்பான வாக்கியம் இருக்க முடியுமா? அதே 'உடைஞ்சுது' போட்டவர் வாயிலிருந்து வந்தால் எரிச்சல். சொல் ஒன்றுதான், யார் வாய் என்பதில் இருக்கிறது எல்லாம். அத்தான் போனபோது பக்கத்து வீட்டு ஸர்தார்ஜி மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'நடந்துவிட்டது பெஹன்ஜி, யார் கையில் இருக்கிறது' என்றாள். அக்கா அன்றைக்கு முதல்முறையாக அழுதாள். அதே வாக்கியத்தை எட்டு மாதம் கழித்து ஒரு குமாஸ்தா சொன்னபோது அவன் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து எறியலாமா என்று தோன்றியதாகச் சொன்னாள்.

பெரிய துயரங்களில் இந்த இரண்டும் கலந்துவிடுவதுதான் கஷ்டம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் நடந்ததற்கு நாம் வைத்த பெயர் 'விஷவாயுக் கசிவு'. 1985ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'கசிவு' இருக்கிறது. வாயு கசிந்தது. குளிரூட்டும் கருவியை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது அந்தச் சொல்லில் வராது. 1996ல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பிரிவுக்குக் குறைத்தது. 2010 ஜூனில் இந்திய அதிகாரிகள் 7 பேருக்குத் தலா 2 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான சாவுகள், சட்டத்தின் கண்ணில் கை தவறிய டம்ளர்.

இதற்கு எதிர்முனையில் எல்லாரும் சொல்லும் உதாரணம் லால் பகதூர் சாஸ்திரி. 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். பாலம் சேதமாகித் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். இரண்டு மாதத்துக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை, இந்தமுறை ஏற்றார். ஏற்றபோது, விபத்துக்குச் சாஸ்திரி காரணமல்ல என்றும் சொன்னார். இலக்கணப்படி பாலம் 'உடைந்தது' என்பது முழு உண்மை. வெள்ளத்தை யாரும் அனுப்பவில்லை. இருந்தும் அவர் தன்மையில் பேசினார். எனக்கு அவர்மீது மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்கிறவர்கள்மீது ஒரு சந்தேகமும் உண்டு. அமைச்சரின் ராஜினாமாவோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் அதில் வந்துவிடுகிறது. அந்தப் பாலத்தைக் கடைசியாக யார் பார்த்தார், என்ன எழுதினார் என்ற சின்னக் கேள்விகளுக்கு அந்தக் கதையில் இடமில்லை. ரொம்ப மேலே இருக்கும் ஒருவர் 'நான்' என்று சொல்வது, கீழே இருக்கும் இருபது பேருக்குச் சௌகரியமாகவும் போய்விடலாம்.

அதைவிடச் சௌகரியம், எல்லாரும் பொறுப்பு என்பது. 'நாம் அனைவரும்தான் காரணம்' என்று ஒரு பேச்சாளர் சொன்னால் சபையில் கைதட்டல் கிடைக்கும். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம், சேர்க்காதது நாங்கள். 'நாங்கள் தவறு செய்தோம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாம் தவறு செய்தோம்' என்று சொல்வது, அடிபட்டவனையும் இழுத்துப்போட்டுக்கொள்ளும் தந்திரம். ஹிந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'தான். போதாததற்கு, பிஹார்க்காரர்கள் 'நான்' என்பதற்கும் 'ஹம்' என்பார்கள்.

அதில்தான் அக்கா ஒருமுறை மாட்டிக்கொண்டாள். சர்வீஸ் புக் கிடைத்த பிறகு அந்தப் பிரிவுக்கு ஒரு புதுப் பையன் மாற்றலாகி வந்திருந்தான். பிஹார்ப் பக்கம். அக்காவின் காகிதங்களைப் புரட்டிவிட்டு, 'ஹம் கர் தேங்கே, மாதாஜி' என்றான். ஒன்றரை வருட அனுபவம் அக்காவுக்கு. 'ஹம் என்றால் யார்?' என்று கேட்டாள். அவன் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்தான். கையை நெஞ்சில் வைத்து, 'ஹம், யானி மைன்' என்றான். நாங்கள் என்றால், நான். 'புதன்கிழமை வாருங்கள். நான் இல்லாவிட்டால் இந்த இழுப்பறையில் இருக்கும்' என்று தன் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். அன்று இரவு அக்கா அதை ஏதோ பிரசாதம் மாதிரி காட்டினாள். புதன்கிழமை வேலை முடியவில்லை. கணக்குப் பிரிவில் ஒரு கையெழுத்து பாக்கி. 'நான் சொன்ன நாளில் முடிக்கவில்லை, வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோகிறேன்' என்றான். கொண்டுபோனான். மே மாதம் ஓய்வூதிய உத்தரவு வந்தது.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பொறுப்புக்கு உரிய சொல், பதில் சொல்வது என்ற வேரிலிருந்து வருகிறது. ஹிந்தியின் 'உத்தர்தாயித்வ'மும், 'ஜவாப்தேஹி'யும் அப்படியே. பதில் தர வேண்டியவன். நம்முடைய 'பொறுப்பு', பொறு என்பதிலிருந்து வருகிறது. தாங்கு. காத்திரு. மன்னி. மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் நம் அலுவலகங்களில் அதற்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஓர் அதிகாரியின் பதவிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'பொ' என்று போட்டிருந்தால், அவர் அந்த நாற்காலிக்கு நிரந்தரமானவர் இல்லை, கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம். 'சார் பொறுப்புலதான் இருக்காரு, ரெகுலர் சார் வரட்டும்' என்று திருப்பி அனுப்புவார்கள். பொறுப்பு என்று எழுதியிருக்கும் இடத்தில் முடிவு எடுக்க ஆள் இல்லை. பொறுக்க வேண்டியவர் எதிரே நிற்கும் மனுதாரர்.

இப்போது மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புகள் கணினிக்குப் போய்விட்டன. எந்த நேரம் யார் மேஜையில் இருந்தது என்று அதுவே குறித்துக்கொள்கிறது. தொலைவது கஷ்டம். அதனால் மொழி புதிய எழுவாய் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. 'சிஸ்டம் எடுக்கலை.' 'சர்வர் டவுன்.' 'போர்ட்டல் ஏத்துக்கலை.' விதி, கிரகம், மேலிடம் என்ற பழைய வரிசையில் இவரும் சேர்ந்துவிட்டார். புகார்களை இணையத்தில் பதிவு செய்தால், சில சமயம் எதுவும் நடக்காமலே 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி வருகிறது. யார் தீர்த்தார் என்று பார்த்தால் மறுபடியும் அஃறிணை.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடா வருடம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை மங்கிப்போய்விட்டது. போன வருடம் நான்தான் வங்கிக்கு அழைத்துப்போனேன். கவுண்டரில் இருந்த பெண் அக்காவின் பத்து விரலையும் மாறி மாறி அந்தச் சின்னக் கருவிமேல் அழுத்திப் பார்த்துவிட்டு, 'சிஸ்டம் நஹீ லே ரஹா, மாதாஜி' என்றாள்.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 'அதை விடும்மா. நீ என்னைப் பாக்கறியா?' என்று தன் வாய்க்கால் ஹிந்தியில் கேட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து பழைய காகிதப் படிவம் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, 'பெயரைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்' என்றாள்.